வாசகர் கேள்வி-பதில்: பேட்டரி இறங்கியதா, போய்விட்டதா?

கடந்த இரண்டு மாதமாக வந்த கடிதங்களில், கார் பற்றியவை பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. வாரண்டி முடியவில்லை, பேட்டரி நின்றுவிட்டது, கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார் அல்லது நாளைக் கடத்துகிறார், என்ன செய்வது? தனித்தனியாக எழுதினால் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: பேட்டரி வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வந்தது. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து எடுத்துக்கொண்டு வாங்கின கடைக்கே போனேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, 'சார்ஜ் இறங்கியிருக்கு, ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க' என்கிறார்கள். வாரண்டியில் இருக்கிற பொருளை உடனே மாற்றித் தராமல் ஏன் இழுக்கிறார்கள்?

இதில் கடைக்காரர் செய்வது சரிதான். கோபப்படாமல் கொஞ்சம் கேளுங்கள்.

'பேட்டரி இறங்கிவிட்டது' என்பதும் 'பேட்டரி போய்விட்டது' என்பதும் நாம் பேசும்போது ஒன்றுபோலத் தோன்றினாலும், வாரண்டி முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கியது என்றால் சார்ஜ் தீர்ந்துவிட்டது, ஏற்றினால் பழையபடி வேலை செய்யும். போய்விட்டது என்றால் உள்ளே ஏதோ ஒன்று கெட்டுவிட்டது, எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. வாரண்டி இரண்டாவதற்கு மட்டும்தான். ஆனால் சார்ஜ் இல்லாத நிலையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் மீட்டரில் தெரியும், அதனால் முதலில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் எந்த முடிவுக்கும் வர முடியும்.

அதற்கு நேரம் பிடிக்கும். பேட்டரியின் ஆம்பியர்-அவர் அளவில், அதாவது அது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று காட்டும் எண்ணில், பத்தில் ஒரு பங்கு கரண்டில் மெதுவாக ஏற்றுவதுதான் நல்ல முறை. 45 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 4.5 ஆம்பியர், வெறுமையான நிலையிலிருந்து 10 முதல் 12 மணி நேரம். ஏற்றி முடித்ததும் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் வோல்டேஜ் பொய்யாக உயர்ந்து காட்டும். நல்ல பேட்டரி அப்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்கும். அப்புறம் லோட் டெஸ்ட்: பேட்டரியின் மேல் சி.சி.ஏ. என்று ஒரு எண் போட்டிருக்கும், கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்ய எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது அது, அதில் பாதி அளவு கரண்டை 15 நொடி இழுத்துப் பார்ப்பார்கள், சாதாரண வெப்பநிலையில் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போகாமல் இருந்தால் தேறிவிட்டது. இதெல்லாம் சேர்ந்தால் ஒன்றரை நாள் ஓடிவிடும், ஆக இரண்டு நாள் கேட்பது நியாயம்.

ஆனால் விட்டுவிட்டு வருவதற்கு முன்னால் சீரியல் நம்பர், தேதி, 'வாரண்டிக்காகச் சோதனைக்கு வாங்கப்பட்டது' என்ற வரி, இந்த மூன்றும் உள்ள ஒரு ரசீது கையில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையில் விட்டுவிட்டு வந்தால் வாரண்டி முடிய ஒரு வாரம் இருக்கும் பேட்டரி, முடிந்த மறுநாள் வந்ததாகவும் ஆகிவிடலாம். அந்த இரண்டு நாளுக்கு ஓட்ட ஒரு ஸ்டாண்ட்பை பேட்டரியும் கேளுங்கள். நிறைய டீலர்களிடம் இதற்கென்றே வைத்திருப்பார்கள், கேட்காதவர்களுக்கு அவர்களாகச் சொல்வது குறைவு.

கேள்வி: கடையில் சோதித்துவிட்டு 'பேட்டரி நல்லா இருக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் வண்டி எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் இதே பதில். பொய் சொல்கிறார்களா?

சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். இரண்டு வழியாகவும் போய்ப் பார்த்துவிடுவோம்.

முதலில் வண்டி. பேட்டரி நிஜமாகவே நல்லதாக இருந்து, வண்டி அதை உறிஞ்சிக்கொண்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். பூட்டி நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டுதான் இருக்கும், கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போவது இயல்பு. 50 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதியாக மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். இப்போது ஒரு டாஷ் கேமராவை நேரடி லைனில் இணைத்துவிட்டார்கள், அது 0.3 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 7.2, ஆறு நாளில் பேட்டரி காலி. உங்கள் 'ஒரே வாரம்' கணக்குக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். டிக்கி விளக்கு அணையாமல் இருப்பது, பின்னால் போட்ட மியூசிக் சிஸ்டம், ஜி.பி.எஸ். டிராக்கர், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குள் கெட்டுப்போன டையோடு, இவையும் இதே வேலையைச் செய்யும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வண்டியைப் பூட்டி முக்கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். அப்புறம் மைனஸ் டெர்மினலுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு போகிறது என்று தெரியும், கூடுதலாகப் போனால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து எதை எடுக்கும்போது இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். பழக்கமில்லாவிட்டால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

வண்டியில் குறை இல்லை, ஆல்டர்னேட்டரும் இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.7 வோல்ட்டுக்குள் கொடுக்கிறது என்றால், கடைக்காரரின் சோதனையைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஜம்ப் கொடுத்து ஓட்டிவந்த வண்டியில் இன்ஜினை அணைத்த கையோடு மீட்டரை வைத்து '12.7 இருக்கு சார், நல்ல பேட்டரி' என்பது சோதனையே அல்ல. ஓட்டிவந்த சூட்டில் மேலோட்டமாக ஏறிய சார்ஜ் அது. ஹெட்லைட்டை ஒன்றிரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டுப் பார்த்தாலே பாதி உண்மை வெளியே வரும். லோட் டெஸ்ட் செய்தீர்களா, எவ்வளவு காட்டியது, என் எதிரில் இன்னொரு முறை செய்ய முடியுமா என்று கேளுங்கள். கையடக்க டிஜிட்டல் டெஸ்டர் வைத்திருந்தால் பல மாடல்களில் முடிவு அச்சாகிச் சீட்டாக வரும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டில் 'சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கவும்' என்று வந்திருந்தால் அது நல்லது என்ற முடிவு இல்லை, சோதனை முடியவில்லை என்று அர்த்தம். இதை 'நல்லா இருக்கு' என்று வாசித்துக் காட்டித் திருப்பி அனுப்புவது நடக்கிறது.

இன்னொன்றையும் எப்போதும் மனதில் வையுங்கள்: வாரண்டி கொடுத்தது பேட்டரி தயாரித்த கம்பெனி, கடை நடுவில் இருக்கிறது. கடைக்காரர் மறுத்தால் கதை முடிந்துவிட்டதாக நினைத்துத் திரும்பி வந்துவிடுகிறோம். வாரண்டி கார்டில் கம்பெனியின் தொலைபேசி எண் இருக்கும், சீரியல் நம்பரைச் சொல்லிப் புகார் பதிவு செய்து, புகார் எண் வாங்குங்கள். கம்பெனியின் ஆள் வந்தோ, அவர்களுடைய சர்வீஸ் சென்டரிலோ மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். புகார் எண் ஒன்று பதிவாகிவிட்டால் கடையில் பேசும் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வெளியூரில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தோம். கார் அப்படியே நின்றிருந்தது. பேட்டரி முழுவதும் இறங்கி, சார்ஜும் ஏறவில்லை. 'நீங்கள் இறக்கிவிட்டீர்கள், வாரண்டி கிடையாது' என்கிறார்கள். ஓட்டாததற்கு எங்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன், இதில் கம்பெனி பக்கம் நியாயம் இருக்கிறது. சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும், வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அது கெட்டியான படிகமாக இறுகிப்போய் அப்புறம் கரையாது, அந்த அளவுக்குத் தகடு செத்த மாதிரி. மேலே சொன்ன கணக்குப்படி மூன்று மாதத்தில் எந்த நல்ல பேட்டரியும் காலியாகும். கார்டைப் படித்துப் பாருங்கள், ஆழமாக இறங்கியது, கவனிக்காமல் விட்டது ஆகியவற்றுக்கு வாரண்டி இல்லை என்று பெரும்பாலான கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன.

இருந்தாலும் ஒரு தடவை மெதுவான சார்ஜில் முழுசாக ஒன்று, இரண்டு நாள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேகமாக ஏற்றும் சார்ஜர்கள் சில, மிகவும் இறங்கிய பேட்டரியைப் பார்த்ததும் 'பேட்டரியே இல்லை' என்று நினைத்து ஏற்றாமல் நின்றுவிடும். மெதுவாக ஏற்றியதில் சில சமயம் மீண்டு வரும்.

இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'நீங்கள் இறக்கிவிட்டீர்கள்' என்ற இதே பதிலை, தினமும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். அது உண்மையா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். கவனிக்காமல் விட்டதால் இறங்கினால் ஆறும் சேர்ந்தே இறங்கும், யாரும் ஒரு செல்லை மட்டும் தனியாக இறக்கிவிட முடியாது. தயாரிப்புக் குறையால் போனால் பெரும்பாலும் ஒரே ஒரு செல்தான் போகும். மூடி திறக்கக்கூடிய பேட்டரியில், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரிந்துவிடும். சார்ஜ் ஏற்றிய பிறகு நல்ல செல் 1.265 பக்கம் காட்டும், ஐந்து செல் அப்படி இருந்து ஒன்று மட்டும் 1.150 என்று கிடந்தால் அந்தச் செல் செத்துவிட்டது, செல்களுக்கு நடுவில் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். மூடி இல்லாத சீல் பேட்டரியில், முழுசாகச் சார்ஜ் போட்ட பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே பிடிவாதமாக நின்றால் ஒரு செல் குறைகிறது என்று பொருள், 12.6-லிருந்து ஒரு 2.1-ஐக் கழித்துப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், பல வருடம் முன்னால் என்னிடமே ஒரு கடையில் 'இறக்கிவிட்டீர்கள்' என்றார்கள். தினமும் ஓட்டின வண்டி. இருந்தும் நான் நம்பிவிட்டேன், கைக்காசைப் போட்டு வேறு பேட்டரி வாங்கி மாட்டிவிட்டு, பழையதை ஓரமாக வைத்திருந்தேன். நான்கைந்து மாதம் கழித்து ஒரு வயதான மெக்கானிக் அதைச் சும்மா கிடக்கிறதே என்று எடுத்துச் சார்ஜ் போட்டு ஒவ்வொரு செல்லாகப் பார்த்தார். ஐந்து நன்றாக இருந்தது, மூன்றாவது செல் மட்டும் தண்ணீர் மாதிரி இருந்தது. வாரண்டி அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. 'ஆறு செல்லையும் தனித்தனியாகப் பார்த்தீர்களா' என்ற ஒரு கேள்வியை அன்றைக்குக் கேட்கத் தெரியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் கேளுங்கள்.

மறுபடி வெளியூர் போவதாக இருந்தால் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள், அல்லது யாரையாவது வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இன்ஜினைப் போட்டு அணைப்பதால் பெரிய பலன் இல்லை, ஸ்டார்ட் செய்யச் செலவானதே திரும்பி வருமா என்பது சந்தேகம்.

கேள்வி: பேட்டரியில் உள்ள கண் பச்சையாக இருக்கிறது என்று சொல்லி மாற்ற மறுக்கிறார்கள். வண்டியோ எடுக்கவே இல்லை.

சார்ஜ் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் அந்தச் சின்னக் கண்ணாடிக் கண் ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. மீதி ஐந்தில் எது போனாலும் அது பச்சையாகவே இருக்கும். இதை அப்படியே அவர்களிடம் சொல்லி லோட் டெஸ்ட் கேளுங்கள்.

கேள்வி: பில்லைத் தொலைத்துவிட்டேன். கார்டிலும் கடை முத்திரை இல்லை. வாரண்டி போச்சா?

உடனே அப்படி முடிவு செய்யாதீர்கள். பேட்டரியின் மேலேயே சீரியல் நம்பரும் தயாரிப்புத் தேதிக்கான குறியீடும் இருக்கும். வாங்கிய நாளில் கடைக்காரர் அதைக் கம்பெனியின் கணக்கில் பதிவு செய்திருந்தால் சீரியல் நம்பரைக் கொண்டே தேதி தெரிந்துவிடும், கம்பெனிக்குப் போன் செய்து முதலில் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் கடையின் கம்ப்யூட்டரில் பில் நகல் இருக்கும், நீங்கள் கார்டிலோ போனிலோ பணம் கட்டியிருந்தால் எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்பது வங்கிக் கணக்கில் இருக்கும், அதைக் காட்டினால் கடைக்காரர் தேடித் தருவது சுலபம். எதுவுமே கிடைக்காவிட்டால் சில கம்பெனிகள் தயாரிப்புத் தேதியிலிருந்து எண்ணுவதற்காவது ஒத்துக்கொள்கின்றன. கொஞ்ச மாதம் குறையும், அவ்வளவுதான். இனிமேல் வாங்கும் அன்றே பில்லையும் கார்டையும் பேட்டரியின் சீரியல் நம்பரையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், பில் தாளில் உள்ள எழுத்து வெயில் பட்டால் ஆறு மாதத்தில் மங்கி வெள்ளையாகிவிடுகிறது.

கேள்வி: 48 மாத வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். 30-வது மாதத்தில் போய்விட்டது. இப்போது இலவசம் கிடையாது, கொஞ்சம் தள்ளுபடிதான் தருவோம் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், விற்கும்போது பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள், 48 என்பது ஒரே துண்டாக இருக்காது. முதல் பகுதி, உதாரணமாக 24 மாதம், இலவசமாக மாற்றித் தருவது. அடுத்த 24 மாதம் புரோ ரேட்டா, அதாவது நீங்கள் பயன்படுத்திய காலத்துக்கு உங்கள் பங்கு, மிச்சத்துக்குக் கம்பெனியின் பங்கு. நேர்க்கணக்காகப் போட்டால் 30 மாதம் போக மிச்சம் 18, அதை 48-ஆல் வகுத்தால் 37.5 சதவீதம் தள்ளுபடி. ஆனால் எல்லாரும் நேர்க்கணக்குப் போடுவதில்லை, 25-லிருந்து 30 மாதம் வரை இவ்வளவு, 31-லிருந்து 36 வரை இவ்வளவு என்று படிப்படியாக அட்டவணை வைத்திருப்பார்கள். நீங்கள் 30-வது மாதத்தின் கடைசியில் இருக்கிறீர்கள் என்றால் ஒரு வாரம் தள்ளிப்போனாலே அடுத்த படிக்கு இறங்கிவிடலாம், அதனால் இன்றே கொண்டுபோய்ப் பதிவு செய்யுங்கள். புகார் பதிவான தேதிதான் கணக்கு என்றும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரு கணக்கும் போட்டுவிடுங்கள். இந்தத் தள்ளுபடி பெரும்பாலும் அச்சிட்ட முழு விலையில்தான் கொடுப்பார்கள், அதுவும் இன்றைய விலையில். ஆனால் அதே பேட்டரியைக் கடைகளில் அச்சிட்ட விலைக்குக் குறைத்துத்தான் விற்கிறார்கள், பழைய பேட்டரியைக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள். புரோ ரேட்டாவில் பழைய பேட்டரி கம்பெனிக்குப் போய்விடும், அதற்கான காசு உங்களுக்கு வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வாரண்டியின் கடைசி மாதங்களில் வித்தியாசமே இல்லாமல் போகலாம், சில சமயம் வெளியே புதிதாக வாங்குவதே லாபமாகவும் இருக்கும். காசு கொடுத்து வாங்கும் அந்தப் பேட்டரிக்கு முழு வாரண்டி புதிதாகத் தொடங்குமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எந்தப் பக்கம் லாபம் என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

கேள்வி: இலவசமாக மாற்றிக் கொடுத்த பேட்டரிக்கு அன்றிலிருந்து புது வாரண்டி உண்டுதானே?

பெரும்பாலும் இல்லை. முதல் பேட்டரி வாங்கிய தேதியிலிருந்துதான் ஓடும். 20-வது மாதத்தில் மாற்றிக் கொடுத்தால், 24 மாத இலவசத்தில் நான்கு மாதமும் அதற்குப் பிறகு உள்ள புரோ ரேட்டாவும்தான் மிச்சம். பழைய பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதுப் பேட்டரிக்கும் அதுதான் ஆதாரம். பழைய பில்லின் பின்னால் புதிய சீரியல் நம்பரையும் மாற்றிய தேதியையும் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தனியாகப் போனபோது கடையில் இருந்தவர் மீட்டரைக் காட்டவே இல்லை. 'உங்களுக்குச் சொன்னா புரியாதும்மா, வீட்டில யாராவது ஆம்பளைங்கள வரச் சொல்லுங்க' என்றார். வண்டி என்னுடையது, தினமும் ஓட்டுவது நான், பில்லும் என் பெயரில்தான் இருக்கிறது.

படித்ததும் மனசு கொதித்தது. யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் அம்மா, ஒரு தாளை மட்டும் எடுத்துப் போங்கள். அதில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: சார்ஜ் ஏற்றுவதற்கு முன் எத்தனை வோல்ட், ஏற்றி ஓய்வு கொடுத்த பின் எத்தனை, லோட் டெஸ்டில் எத்தனை வரை இறங்கியது, செல்களுக்குள் வித்தியாசம் உண்டா. பக்கத்தில் இடம் விட்டு, 'இதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்' என்று சொல்லுங்கள். இதற்கு மேல் ஒரு வார்த்தை விவாதம் தேவையில்லை. எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு ஆதாரம், மறுத்தால் மறுத்தார் என்பதையே புகாரில் முதல் வரியாக எழுதுங்கள். அவர் சொன்ன அந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள், அது கம்பெனி தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கேள்வி: இரண்டு வருடத்தில் மூன்றாவது பேட்டரி. ஒவ்வொரு முறையும் வாரண்டியில் மாற்றித் தந்துவிட்டார்கள், அந்த விதத்தில் குறை இல்லை. ஆனால் ஏன் இப்படி?

மூன்று பேட்டரியும் குறையுள்ளதாகவே உங்களிடம் வந்து சேர்ந்தது என்பதை நம்ப முடியவில்லை. வண்டியைப் பார்க்க வேண்டிய நேரம் இது. நான்காவது முறை கம்பெனியும் இதையே சொல்லி மறுக்கும்.

இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா பாருங்கள். அப்படியென்றால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் போயிருக்கிறது, பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது, அழுகிய முட்டை மாதிரி வாடை அடித்தால் இதை முதலில் சந்தேகப்படுங்கள். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஆடுகிறதா என்றும் பாருங்கள், அதிர்வில் தகட்டில் உள்ள பொருள் உதிரும். சூடும் பெரிய எதிரி, பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இந்தத் துறையில் சொல்லும் பொதுக் கணக்கு. இன்ஜினுக்குப் பக்கத்தில் வெப்பம் தடுக்க ஒரு உறை இருந்து, பேட்டரி மாற்றும்போது அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வண்டியில் சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி எடுக்கும் வசதி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் காரணம் அநேகமாக அங்கேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. வகை பேட்டரிதான் போட வேண்டும், ஒரே பயணத்தில் பத்து, இருபது தடவை ஸ்டார்ட் செய்வதைத் தாங்குவதற்கென்றே செய்தவை அவை. அளவு பொருந்துகிறதே என்று சாதாரண பேட்டரியைப் போட்டால் சீக்கிரம் போகும், அதுபோக 'வண்டிக்குப் பொருந்தாத பேட்டரி' என்று சொல்லி வாரண்டியையும் மறுக்கலாம். கடைக்காரரே தவறான வகையை மாட்டியிருந்தால் அது அவர் பொறுப்பு, பில்லில் வண்டியின் மாடல் எழுதியிருந்தால் இதை நிரூபிப்பது சுலபம். மைனஸ் டெர்மினலில் சென்சார் உள்ள வண்டிகள் சிலவற்றில், பேட்டரி மாற்றியதைக் கம்ப்யூட்டருக்குப் பதிவு செய்து சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் கிழட்டுப் பேட்டரிக்கு ஏற்றுவது போலவே புதியதற்கும் ஏற்றிக்கொண்டிருக்கும்.

கேள்வி: புதுக் காரோடு வந்த பேட்டரி 11 மாதத்தில் போய்விட்டது. கார் டீலரிடம் போகவா, பேட்டரி கம்பெனியிடம் போகவா?

காரோடு வந்த வாரண்டிப் புத்தகத்தைத் திறந்து பேட்டரி, டயர் என்று தனியாக இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். பல கார் கம்பெனிகள் இந்த இரண்டையும் அந்தந்தத் தயாரிப்பாளரின் வாரண்டிக்கு விட்டுவிடுகின்றன, அப்படி இருந்தால் பேட்டரி கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நேராகப் போவதே வேகம். தேதி, கார் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், ஆகவே கார் பில்லின் நகல் வேண்டும். பேட்டரியை கார் டீலர் யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியோடு சேர்த்தே வாங்கியிருப்பீர்கள், அங்கேயே அது ஒரு தடவை முழுசாக இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பேட்டரி கம்பெனி மறுத்தால் டீலரிடம் இந்தக் கோணத்தில் பேசிப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரியை நானே கழற்றிக் கடைக்கு எடுத்துப் போகலாமா? போகும் முன் ஆசிட் ஊற்றிப் பார்த்தால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார்.

ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல, மூடி உள்ள பேட்டரியில் அளவு குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆசிட்டைச் சேர்த்தால் ஹைட்ரோமீட்டர் எண் தாறுமாறாகிவிடும், 'வெளியாள் கை வைத்திருக்கிறார்' என்று அந்த நிமிடமே வாரண்டியை மறுத்துவிடுவார்கள். சீல் பேட்டரியின் ஸ்டிக்கரையோ மூடியையோ நெம்பவும் கூடாது.

கழற்றலாம். முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ், மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும், சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் பொறி பறக்கும் இடத்தில் நிற்கக் கூடாது. டெர்மினல் கழன்று வராவிட்டால் சுத்தியலால் தட்டாதீர்கள், டெர்மினல் உடைந்திருந்தாலும் பெட்டியில் விரிசல் இருந்தாலும் வாரண்டி இல்லை. நிமிர்த்தியே வைத்து எடுத்துப் போங்கள். ஆனால் முடிந்தால் வண்டியோடு போவதே நல்லது என்பேன், ஆல்டர்னேட்டரையும் அங்கேயே பார்த்து எழுதி வாங்கிவிடலாம், 'வண்டியில் கோளாறு' என்று பிறகு சொல்ல இடம் இருக்காது.

கேள்வி: கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், நாளை புதுப் பேட்டரி தருகிறார்களாம். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தயாரிப்புத் தேதியை முதலில் பாருங்கள். அலமாரியில் சும்மா இருக்கும்போதும் பேட்டரி மாதத்துக்கு சில சதவீதம் தானாக இறங்கும், ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் வேறு கேளுங்கள், வாரண்டியில் தருவது என்பதற்காகத் தள்ளிவிட முடியாத சரக்கை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. மாட்டுவதற்கு முன்னால் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 12.5-க்குக் குறைந்தால் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கட்டும். பழையதில் இருந்த அதே ஆம்பியர்-அவர், அதே வகை, பிளஸ் டெர்மினல் அதே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாம்பை இறுக்கிவிட்டார்களா என்று கையால் அசைத்துப் பாருங்கள். இன்ஜினைப் போட்டு டெர்மினலில் ஒரு முறை வோல்டேஜ் பார்த்துவிடுங்கள், 14 பக்கம் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால், கார்டில் எழுதியிருக்கும் சீரியல் நம்பரும் பேட்டரியின் மேல் இருப்பதும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.